டி.வி. நின்றால் கதை நிற்குமா?

நீங்கள் ஆவலோடு பார்க்கும் தொடர், 'அடுத்து எப்போது வரும் என்று தெரியாது' என்ற நிலைக்குப் போனால் எப்படி இருக்கும்? 'டாக்டர் ஹூ' ரசிகர்களுக்கு 2025 அக்டோபரில் அந்தக் கவலை வந்தது. பி.பி.சி.யோடு கைகோத்து இந்தத் தொடரை வெளிநாடுகளுக்குக் கொண்டுபோன டிஸ்னி நிறுவனம் விலகிக்கொண்டது. தொடரைக் கைவிடப் போவதில்லை என்று பி.பி.சி. அப்போதே சொன்னாலும், கவலை தீரவில்லை.

ஆனால், டாக்டருக்கு இது புதிதல்ல. இதைவிடப் பெரிய ஆபத்துகளில் இருந்து அவரைக் காப்பாற்றியவை எவை தெரியுமா? புத்தகங்கள்!

யார் இந்த டாக்டர்?

வேற்றுக் கிரகவாசி. காலத்தில் முன்னும் பின்னும் பயணம் செய்பவர். அவருடைய வாகனம் 'டார்டிஸ்', பார்ப்பதற்கு ஒரு நீல நிற போலீஸ் பெட்டி. வெளியே சின்னது, உள்ளே நுழைந்தால் பிரமாண்டம்! 1963 நவம்பர் 23 அன்று இங்கிலாந்தில் இந்தத் தொடர் தொடங்கியது.

அழிந்துபோன கதைகள்

அந்தக் காலத்தில் வீடியோ டேப் விலை அதிகம். ஒளிபரப்பான நிகழ்ச்சிகளை அழித்துவிட்டு, அதே டேப்பில் வேறு நிகழ்ச்சியைப் பதிவு செய்தார்கள். அப்படி 'டாக்டர் ஹூ' அத்தியாயங்களும் காணாமல் போயின. 2013-ல் நைஜீரியா நாட்டில் 9 அத்தியாயங்களின் பிலிம் சுருள்கள் கிடைத்தன. அதற்குப் பிறகும் 97 அத்தியாயங்கள் கிடைக்காமலே இருந்தன.

பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோவைப் பற்றிப் படித்திருப்பீர்களே? 1964-ல் டாக்டர் அவரையும் சந்தித்தார். 7 வாரம் ஓடிய அந்தக் கதையில் ஓர் அத்தியாயம்கூட நைஜீரியாவில் கிடைக்கவில்லை. ஆனால், அதை டி.வி.க்கு எழுதிய ஜான் லூகரொட்டி, பின்னாளில் அதையே நாவலாகவும் எழுதினார். அதனால் கதை தப்பியது!

1973-ல் 'டார்கெட்' என்ற புத்தக வரிசை தொடங்கியது. டி.வி.யில் வந்த கதைகளைச் சிறுவர்களுக்கான நாவல்களாக வெளியிட்டார்கள். டெரன்ஸ் டிக்ஸ் என்பவர் மட்டுமே 60-க்கும் மேல் எழுதினார். வீட்டில் வீடியோ கருவி இல்லாத காலம் அது. தவறவிட்ட கதையைத் தெரிந்துகொள்ள அந்தப் புத்தகங்கள்தான் கைகொடுத்தன.

தொடர் நின்றது... நாவல் வந்தது!

1989-ல் தொடர் நின்றுபோனது. 2005 வரை, நடுவில் 1996-ல் வந்த ஒரு டி.வி. படம் தவிர, டாக்டர் டி.வி. திரையில் முழுநீளப் புதிய கதையோடு வரவில்லை. ஆனால், 1991 முதல் புத்தம் புதிய கதைகள் நாவல்களாக வந்தன. பால் கார்னெல் 1995-ல் எழுதிய 'ஹியூமன் நேச்சர்' அவற்றில் ஒன்று. டாக்டர் தன்னையே மறந்து, சாதாரண மனிதராக ஒரு பள்ளியில் ஆசிரியர் வேலை பார்க்கும் கதை. 2007-ல் அது டி.வி.க்கே திரும்பிப் போனது! 1996-ல் ஒரு நாவல் எழுதிய ரஸல் டி டேவிஸ்தான், 2005-ல் தொடருக்கு மீண்டும் உயிர் கொடுத்தவர்.

இதில் இருந்து என்ன தெரிகிறது? டி.வி. தொடருக்குப் பணம் வேண்டும், நிறுவனம் வேண்டும். ஒருவர் விலகினால் எல்லாமே ஆட்டம் காணும். புத்தகத்துக்கு எழுதுபவரும் படிப்பவரும் இருந்தால் பெரும்பாலும் போதும். திரையில் ஆயிரம் ராட்சத விண்கலங்களைக் காட்ட ஏகப்பட்ட செலவாகும். தாளில் ஒரே ஒரு வரி! கதாபாத்திரம் மனதுக்குள் என்ன நினைக்கிறது என்பதையும் நாவல் சொல்லிவிடும்.

இப்படி வருகிற எல்லா நாவல்களும் நல்லவை என்று சொல்ல முடியாது. டி.வி. வசனத்தை அப்படியே எழுதி ஒப்பேற்றியவையும் உண்டு. ஆனால், "டி.வி. கதைதானே, இதையெல்லாமா படிக்கிறாய்?" என்று யாராவது கேட்டால், மார்கோ போலோ கதையைச் சொல்லுங்கள்.

உங்களுக்குப் பிடித்த தொடரில் ஓர் அத்தியாயத்தை எடுத்து, நோட்டில் நான்கு பக்கக் கதையாக எழுதிப் பாருங்களேன். திரையில் காட்டாத எதை நீங்கள் சேர்ப்பீர்கள்?