பார்கோட் சொல்வதும் சொல்லாததும்

அண்மையில் மடவளையிலுள்ள எனது கடைக்கு வந்த வாலிபர் ஒருவர் பிஸ்கட் பக்கற் ஒன்றை எடுத்து, அதன் பார்கோட்டின் மீது தனது போன் கெமராவைப் பிடித்தார். "நானா, இது 729இல் தொடங்கவில்லை, எடுக்கலாம்" என்றார். பணம் வாங்கும்போதுதான் பக்கற்றின் மறுபுறம் எனது கண்ணில் பட்டது. காலாவதித் திகதி கடந்து நான்கு நாட்களாகியிருந்தன. வெட்கத்துடன் திருப்பி வாங்கி வைத்தேன். பிழை என்னுடையது.

பார்கோட் பற்றி எம்மிடையே பல தப்பபிப்பிராயங்கள் உள்ளன. சில்லறைப் பொருட்களில் நாம் வழமையாகக் காணும் கோடுகளுக்குள் இருப்பது 13 இலக்கங்கள் மாத்திரமே. முதல் மூன்றும் அந்த இலக்கத்தை வழங்கிய அமைப்பு எந்த நாட்டைச் சேர்ந்தது என்பதைக் காட்டும். இலங்கைக்கு 479, இந்தியாவுக்கு 890, இஸ்ரேலுக்கு 729. ஆனால் பொருள் எங்கே உற்பத்தியானது என்பதை அது சொல்லாது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து இங்கே பொதி செய்த பொருளிலும் 479 இருக்கலாம். விலை, காலாவதித் திகதி, ஹலால் எதுவும் அந்தக் கோடுகளில் இல்லை. அவற்றைப் பக்கற்றில் அச்சிட்டிருப்பதைப் பார்த்தே அறிய வேண்டும்.

அப்படியானால் இந்தக் கோடுகளால் என்ன பயன்? 2022ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம். அவ்வாண்டு ஜூலையில் தேசிய எரிபொருள் அனுமதிப்பத்திரம் அறிமுகமானது. கியூஆர் குறியைக் கடதாசியில் அச்சிட்டு, லெமினேட் செய்து எடுத்துச் சென்றோம். பெற்றோல் செட் ஊழியர் சாதாரண போன் கெமராவினால் அதை வாசித்தார். ஆரம்பத்தில் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர். அந்தக் கடதாசியைப் பத்துப் போட்டோ கொப்பி எடுத்தாலும் ஒரு சொட்டுக்கூட அதிகம் கிடைக்கவில்லை. காரணம், பங்கீட்டுக் கணக்கு கடதாசியில் இருக்கவில்லை. அது பின்னால் இருந்த பதிவேட்டில் இருந்தது. ஒவ்வொரு முறையும் அடித்த அளவு அங்கே கழிக்கப்பட்டது.

எமது கடைக்கும் இதுவே பாடம். பார்கோட் என்பது பொருளின் பெயர். கணக்கை நாம்தான் எழுத வேண்டும். முன்பு இதற்குத் தனிக் கருவி வாங்க வேண்டியிருந்தது. இன்று கையிலுள்ள போனே போதும். கோடுகளை வாசித்துப் பட்டியலில் பதியும் மென்பொருட்கள் இலவசமாகவும் கிடைக்கின்றன.

ஆனால் ஒரு விடயத்தில் கவனம் தேவை. சென்ற மாதம் வந்த பிஸ்கட்டுக்கும் இந்த மாதம் வந்த பிஸ்கட்டுக்கும் பார்கோட் ஒன்றே. காலாவதித் திகதிதான் வேறு. எனவே சரக்கு வரும் ஒவ்வொரு தடவையும் தனி வரியாகப் பதிய வேண்டும்: இலக்கம், எண்ணிக்கை, கொள்விலை, காலாவதித் திகதி. பழையதை இறாக்கையில் முன்னுக்கும் புதியதைப் பின்னுக்கும் வைக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் பட்டியலைத் திகதி வரிசையில் பார்த்தால், அடுத்த மாதம் காலாவதியாகும் சரக்கு இப்போதே தெரியும். விலை குறைத்து விற்கவோ, விநியோகஸ்தரிடம் திருப்பிக் கொடுக்கவோ அவகாசம் கிடைக்கும்.

காலாவதியான பொருளை விற்பனைக்கு வைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் அகப்பட்டால் வழக்கு, தண்டப்பணம். அதைவிடப் பெரிய நட்டம், ஊரில் கெட்ட பெயர். அந்த வாலிபர் வேறு பக்கற் வாங்கிக்கொண்டு சிரித்தபடிதான் போனார். ஆனால் அதை வீட்டில் ஒரு பிள்ளை சாப்பிட்டு வருத்தம் வந்திருந்தால் அவரது முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

அன்றிரவே கடையை மூடிவிட்டு, மகனுடன் இறாக்கை இறாக்கையாகப் பதிய ஆரம்பித்தேன். நீங்களும் இந்த வாரமே ஓர் இறாக்கையில் தொடங்கிப் பாருங்கள்.