கூண்டில் எலி... காட்டில் கொசு!



மரபணு மாற்றிய எலிகளைப் பற்றி மாணவர்களிடம் பேசுவது எளிது. எலியின் ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்து, உடலில் என்ன நேர்கிறது என்று பார்த்து நோயின் வேரைத் தேடுகின்றனர். அவ்வழியைக் கண்ட கபேக்கி, எவன்ஸ், ஸ்மித்தீஸ் மூவரும் 2007இல் நோபல் பரிசு பெற்றனர். அந்த எலி ஆய்வுக்கூடத்தைவிட்டு வெளியே விடப்படுவதில்லை. (அதன் துன்பத்தைத் தனியே எழுத வேண்டும்.)

அதே அறிவியல் கூண்டைத் தாண்டினால்?

நம் நாட்டிலேயே தாண்டியிருக்கிறது. 21.12.2010 அன்று பகாங் மாநிலம் பெந்தோங் அருகே, குடியிருப்பு இல்லாத காட்டுப் பகுதியில், மரபணு மாற்றிய ஏறக்குறைய 6,000 ஆண் ஏடிஸ் கொசுக்களை மருத்துவ ஆய்வுக் கழகம் பறக்கவிட்டது. பிரிட்டனின் ஆக்சிடெக் நிறுவனம் உருவாக்கிய வகை அது. ஆண் கொசு கடிக்காது. அது பெண் கொசுவுடன் கூடிப் பிறக்கும் புழுக்களில் பெரும்பாலானவை வளருமுன்பே மடியும். ஆய்வுக்கூடத்தில் டெட்ராசைக்ளின் மருந்து கொடுத்தே அவ்வினத்தை வளர்க்கின்றனர். கொசு குறைந்தால் டிங்கியும் குறையும் என்பது கணக்கு.

டிங்கியின் கொடுமையை வகுப்பறையின் வெற்று நாற்காலிகளில் கண்டவன் நான். ஆகவே, இம்முயற்சியைக் கண்மூடி எதிர்க்கும் எண்ணம் எனக்கில்லை. என் மனக்குறை வேறு. சோதனை 5.1.2011 அன்று முடிந்தது. அது நடந்த செய்தி பொதுமக்களை எட்டியதோ அம்மாத இறுதியில்தான்! அனுமதி பெற்றுத்தான் செய்தார்கள், உண்மை. சட்டம் நிறைவடைந்தால் போதுமா? நம் பினாங்கில் இயங்கும் பயனீட்டாளர் சங்கம் எதிர்த்துக் குரல் கொடுத்தது. அறிவியலின் எதிரிகள் என்று அவர்களை ஒதுக்குவது எனக்கு உடன்பாடன்று. கேள்வி கேட்பதும் அறிவியல்தானே?

இத்தகைய அறிவிப்புகள் முன்கூட்டியே, தமிழிலும் வரவேண்டும். தோட்டப்புறத்துத் தாய்க்கும் அது விளங்க வேண்டும். 'மரபணு' என்ற சொல்லைத் தேர்வுத்தாளோடு விட்டுவிடாமல் பெற்றோர் கூட்டங்களிலும் நாம் பழக்கினால் என்ன?

2019 முதல் சுகாதார அமைச்சு வொல்பாக்கியா என்னும் நுண்ணுயிர் ஏற்றிய கொசுக்களை விடத் தொடங்கியது. அவை மரபணு மாற்றியவை அல்ல. ஆயினும் ஒரு தந்தை என்னிடம் கேட்டார்: "ஐயா, இதுவும் அந்தக் கொசுதானே? இந்த முறையாவது முன்கூட்டியே சொல்வார்களா?"

முதல் கேள்விக்கு விடை சொல்ல எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. இரண்டாவதற்கு என்னிடம் விடை இல்லை.