பூச்செடியில் மஞ்சள் இலை: வைரஸ் நோயா, சத்துக் குறைவா?

கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி பகுதி விவசாயிகளுக்கு மல்லிகை, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி, ரோஜா ஆகியவை அன்றாடம் கையில் காசு தரும் பயிர்கள். இலை மஞ்சளாகிப் பூ குறைந்தால் உடனே மருந்துக் கடைக்குப் போகிறோம். அங்கேதான் வீண்செலவு தொடங்குகிறது. பூஞ்சாண மருந்து வைரஸ் நோய்க்குக் கேட்காது. வைரஸ் தாக்கிய செடியை வயலில் தேற்றும் மருந்தும் கிடையாது. அதேபோல, சத்துக் குறைவை வைரஸ் என்று எண்ணி நல்ல செடியைப் பிடுங்கினாலும் நட்டம்தான்.

வைரஸ் அறிகுறிகள்

உளுந்தில் மஞ்சள் தேமல் நோயை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பூச்செடியிலும் ஏறக்குறைய அதே சாயல்தான். இலையில் வெளிர் பச்சையும் கரும்பச்சையும் ஒழுங்கில்லாமல் கலந்திருக்கும். இலை சுருங்கிச் சிறுக்கும், செடி குட்டையாகும். மல்லிகையில் மஞ்சள் வளையங்களும், சம்பங்கியில் இலை நெடுக வெளிர் கோடுகளும், ரோஜாவில் நெளிந்த மஞ்சள் கோடுகளும் தெரியும். பெரும்பாலும் தோட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கும்.

பூவில் கோடுகோடாக நிறம் மாறினால் புது ரகம் என்று பெருக்காதீர்கள். 1630களில் நெதர்லாந்தில் கோடு போட்ட டியூலிப் கிழங்குக்குப் பெரும் விலை கொடுத்தார்கள். அது அசுவினி பரப்பிய வைரஸின் வேலை என்பது 20ஆம் நூற்றாண்டில்தான் தெரிந்தது.

வைரஸ் போலத் தோன்றுபவை

1. இரும்புச்சத்துக் குறைவு: இளம் இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி சீராக மஞ்சளாகவும் இருக்கும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு கலந்து, 15 நாள் இடைவெளியில் தெளியுங்கள். புதுத் தளிர் பச்சையாக வந்தால் அது வைரஸ் அல்ல.

2. மல்லிகைச் சிலந்தி: இலை, மொட்டில் வெள்ளை வெல்வெட் போன்ற வளர்ச்சி இருக்கும். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் போதும்.

3. நூற்புழு: வேரைத் தோண்டிப் பாருங்கள். முடிச்சுகள் இருந்தால் சிக்கல் வேரில்தான்.

4. கரும்பூசணம்: 2016இல் பொள்ளாச்சியில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ, தென்னையிலிருந்து தேன் போன்ற கழிவைச் சொட்டும். அதன்மேல் வளரும் கருப்புப் படலம் வைரஸ் அல்ல. உளுந்தில் தேமலைப் பரப்பும் வெள்ளை ஈ வேறு இனம்.

உறுதியானால் என்ன செய்வது?

நோய்ச் செடியை வேரோடு பிடுங்கி அழியுங்கள். பூச்சி வருவதைக் கவனிக்க ஏக்கருக்கு 5 மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்து, வேப்பங்கொட்டைச் சாறு 5 சதம் தெளியுங்கள். வரப்பில் துத்திச் செடியை விடாதீர்கள். வெள்ளை ஈயும் வைரஸும் அதில் தங்கும்.

எல்லாவற்றையும்விட நாற்று முக்கியம். பூச்செடிகளைப் பெரும்பாலும் குச்சி, பதியன், கிழங்கு மூலம் பெருக்குகிறோம். தாய்ச்செடியில் வைரஸ் இருந்தால் நாற்றிலும் இருக்கும். உளுந்தில் வம்பன் 8 போன்ற தேமல் தாங்கும் ரகம் நம்மிடம் உண்டு. மல்லிகைக்கு அப்படிச் சுலபமான வழி இல்லை. எனவே தங்கச்சிமடம் நாற்றானாலும் பக்கத்து ஊர் நாற்றானாலும், இலையைப் பார்த்து வாங்குங்கள். குச்சி வெட்டும் கத்தியைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள்.

சந்தேகம் இருந்தால் இளம் இலையும் முதிர்ந்த இலையும் உள்ள கிளையோடு வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்கோ போங்கள். மருந்து வாங்குவதற்கு முன்பே போங்கள்.