கத்தலாம், ஆனா தொண்டை வச்சிருக்கக் கூடாது!

"ஏம்ப்பா, காவிரியில கப்பலா விடப்போற?"

கடல் ரேடியோ லைசென்ஸ் பத்திப் படிச்சிட்டிருக்கேன்னு சொன்னதும் எங்க தெரு மாமா கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஸ்ரீரங்கத்துல இருந்து நாகப்பட்டினம் 140 கிலோமீட்டருக்குக் குறையாது. நமக்குத் தெரிஞ்ச தண்ணி எல்லாம் காவிரியும் கொள்ளிடமும்தான். ஆனா என்கூட இன்ஜினியரிங் படிச்ச நாகப்பட்டினத்து நண்பன் சொந்தமா ஒரு சின்ன ஃபைபர் படகு வாங்கியிருக்கான். "ஒரு வி.எச்.எஃப். செட்டு வைக்கணும்டா, என்னென்ன பேப்பர் வேணும்னு பாத்துச் சொல்லு"ன்னான். ஆபீஸ்ல ஆணி புடுங்கினது போக மிச்ச நேரத்துல உக்காந்து படிச்சேன். படிக்கப் படிக்க வயித்தெரிச்சல்தான் மிச்சம். கொட்டித் தீத்துடறேன், பொறுத்துக்கோங்க மக்களே.

முதல்ல மாமாவோட அடுத்த கேள்வி: "செல்போன் இருக்கும்போது ரேடியோ எதுக்கு?" கரையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனா டவரே கிடையாதுங்கறது ஒரு பதில். அதை விடப் பெரிய பதில் ஒண்ணு இருக்கு. போன்ல, நம்பர் தெரிஞ்ச ஒருத்தரைத்தான் கூப்பிட முடியும். நடுக்கடல்ல உங்களைக் காப்பாத்தப் போறவர் யாரு? ரெண்டு மைல் தள்ளி வலை விரிச்சிட்டிருக்கற, நீங்க முன்னப்பின்ன பாத்தே இராத ஒருத்தர். அவர் நம்பர் உங்ககிட்ட இருக்கா? ரேடியோவுல நம்பர் தேவையில்லை. சேனல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், உலகம் முழுக்க ஆபத்துக் குரலுக்குன்னு ஒதுக்கின அலைவரிசை. அதுல "மேடே"ன்னு மூணு தடவை சொன்னா, எட்டுற தூரத்துல காது வச்சிருக்கற எல்லாருக்கும் கேக்கும். மீன்பிடிப் படகு, சரக்குக் கப்பல், கோஸ்ட் கார்டு எல்லாரும்தான்.

இதை வச்சிருக்க உலகத்துல பொதுவா ரெண்டு பேப்பர் கேப்பாங்க. ஒண்ணு படகுல இருக்கற செட்டுக்கு, இன்னொண்ணு பேசற ஆளுக்கு. ரெண்டாவதை நான் முழுசா ஆதரிக்கிறேன். ஏன்னா இது ஒருத்தர் பேசும்போது மத்தவங்க கேக்க மட்டுமே முடியற ரேடியோ. மைக் பட்டனை ஒருத்தர் தெரியாம அமுக்கியே வச்சிருந்தாருன்னா அந்தப் பகுதியே செவிடாயிடும். பக்கத்துல படகு மூழ்கினாலும் யாருக்கும் கேக்காது. 25 வாட்ல எப்போ பேசணும், 1 வாட்ல எப்போ பேசணும், இருக்கற இடத்தை எப்படிச் சொல்லணும், அடுத்தவர் ஆபத்துல கூப்பிடும்போது எப்படி வாயை மூடிட்டிருக்கணும், இதெல்லாம் தெரிஞ்சே ஆகணும். பரீட்சை வைங்க, கஷ்டமாவே வைங்க. எட்டு போடத் தெரியாதவனுக்கு வண்டி குடுக்காதீங்க.

என் சண்டை பரீட்சையோட இல்லை. பரீட்சைக்கு முன்னாடியும் பின்னாடியும் இருக்கற காத்திருப்போட.

1933ல வெள்ளைக்காரன் போட்ட வயர்லெஸ் சட்டம், லைசென்ஸ் இல்லாம கருவியை வச்சிருந்தாலே குற்றம்னு சொல்லிச்சு. 2023ல புதுசா தொலைத்தொடர்புச் சட்டம் வந்துச்சு. ஆனா கருவி வச்சிருக்கவே முன் அனுமதி வேணும்ங்கற அடிப்படை மட்டும் நகரலை. இதுக்கு நேர் எதிரா, உயிர் போற ஆபத்துல இருக்கற கப்பல் தன் கையில இருக்கற எந்த வழியில வேணா உதவி கேக்கலாம்னு சர்வதேச ரேடியோ விதிகள் சொல்லுது. ரெண்டையும் சேத்துப் படிங்க. மூழ்கும்போது கத்தலாம். ஆனா கத்தறதுக்கான தொண்டையை முன்கூட்டியே வச்சிருக்க டெல்லி சரின்னு சொல்லணும்!

"பாதுகாப்பு விஷயம்ப்பா, 2008 மும்பை மறந்துபோச்சா?"ம்பாங்க. மறக்கலை சார். வந்தவங்க குபேர்ங்கற மீன்பிடிப் படகைக் கடத்திட்டு, சாட்டிலைட் போனோட வந்தாங்க. லைசென்ஸ் கேட்டு ஃபாரம் நிரப்பிட்டு வரலை. கொஞ்சம் யோசிங்க: சதி பண்றவன், கோஸ்ட் கார்டு காது வச்சிருக்கற, யார் வேணா கேக்கற சேனல்லயா பேசுவான்? சொல்லப்போனா, ஒழுங்கா பதிவு பண்ணி அடையாள எண்ணோட இருக்கற செட்டுதான் பாதுகாப்புக்கு நல்லது. இந்தியக் கப்பல்களோட அந்த ஒன்பது இலக்க எண் 419ல ஆரம்பிக்கும். செட்டுல இருக்கற சிவப்புப் பட்டனை அமுக்கினா அந்த எண் தானா போகும், ஜி.பி.எஸ். இணைச்சிருந்தா இடமும் சேர்ந்து போகும். லைசென்ஸை இழுத்தடிச்சா நடக்கறது என்ன? ஜனங்க எங்கேயோ ஒரு வாக்கி டாக்கியை வாங்கிட்டுப் போயிடறாங்க. யாருதுன்னு யாருக்கும் தெரியாது, எந்தக் கணக்குலயும் வராது. 2025 மே மாசம் இணையக் கடைகள்ல இந்த வியாபாரத்தைக் கட்டுப்படுத்த தனியா வழிகாட்டு நெறிமுறையே போட வேண்டியதாச்சு. நேர் வழியை அடைச்சா சுவரேறித்தான் குதிப்பாங்க.

மத்த ஊர் கதையையும் கேளுங்க. அமெரிக்காவுல உள்நாட்டுக்குள்ள ஓடற சாதாரண உல்லாசப் படகுக்கு 1996க்கு அப்புறம் வி.எச்.எஃப். லைசென்ஸே வேண்டாம்னுட்டாங்க. இங்கிலாந்துல ஒரு நாள் வகுப்பு, ஒரு பரீட்சை. படகு ரேடியோ லைசென்ஸ் ஆன்லைன்ல, காசில்லாம. அங்கேயும் பாதுகாப்பு அமைச்சகம் இருக்கத்தான் செய்யுது.

நம்ம ஊர்லயே நல்ல மனசு இருந்த இடமும் உண்டு. ஹாம் ரேடியோவுக்கு 12 வயசுப் பையனே பரீட்சை எழுதலாம்னு விதி இருக்கு. 2004 டிசம்பர்ல சுனாமி அடிச்சப்போ அந்தமான்ல இருந்த பாரதி பிரசாத் குழுவோட ஹாம் ரேடியோதான் போர்ட் பிளேர்ல இருந்து சேதி கொண்டு போச்சு. ஆனா அதுலயும் பாஸ் பண்ணிட்டு, போலீஸ் விசாரணை, உள்துறை ஒப்புதல்னு மாசக்கணக்கா உக்காந்திருந்தவங்க எத்தனை பேர்!

2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல். எச்சரிக்கை வர்றதுக்கு முன்னாடியே ஆழ்கடலுக்குப் போயிட்ட குமரி மாவட்டத்துக்காரங்களுக்கு சேதியே போய்ச் சேரலை. வி.எச்.எஃப். இருந்திருந்தா எல்லாரும் பிழைச்சிருப்பாங்கன்னு நான் கதை விடலை. அது நேர்கோட்டுல போற அலை, கரையில இருந்து சில பத்து மைல்தான் எட்டும். அதுக்கு மேல சாட்டிலைட்தான். 2024 ஆகஸ்ட்ல ஒரு லட்சம் படகுக்கு சாட்டிலைட் டிரான்ஸ்பாண்டர் திட்டம் ஆரம்பிச்சது நல்ல வேலை. ஆனா அது கரையோட பேசறதுக்கு. பக்கத்துப் படகைக் கூப்பிட ரேடியோவேதான் வேணும். ஒரு படகுக்குக் கேட்டா அது அடுத்த படகுக்குச் சொல்லும், அது அதுக்கு அடுத்ததுக்கு.

அதனால நான் கேக்கறது ரொம்பச் சின்ன விஷயம். படகைப் பதிவு பண்ற அன்னிக்கே, அதே மேசையில ரேடியோவுக்கும் அனுமதி குடுங்க. எல்.எல்.ஆர். பரீட்சை மாதிரி இதையும் தமிழ்ல, துறைமுகத்துலயே வைங்க. சந்தேகம் இருந்தா விசாரிங்க, ஆனா தேதி போட்டு விசாரிங்க. முப்பது நாள்ல ஆட்சேபம் வரலைன்னா அனுமதி குடுத்ததா அர்த்தம்னு எழுதிடுங்க. சாஃப்ட்வேர்ல இதுக்கு டைம் அவுட்னு பேரு. பதில் வராத சர்வருக்காக நாங்க ஆயுசு பூரா காத்திருக்க மாட்டோம்.

மாமாவுக்கு ஒண்ணு. 2018 ஆகஸ்ட்ல முக்கொம்புல கொள்ளிடம் மதகு உடைஞ்சப்போ நாமளும் நடு ராத்திரியில ஆத்தைத்தான் நினைச்சிட்டிருந்தோம். 1836ல கட்டின அணையோட ஒரு பகுதி ஒரு ராத்திரியில போச்சு. தண்ணி ஃபைல் நகர்ற வேகத்துல வர்றதில்லை மாமா.