நாவுக்கு மட்டுமா பயணம்?

நம் இளைஞருள் சிலர் இந்நாளில் தன்னந்தனியே நெடும்பயணம் புறப்படுகின்றனர். மொராக்கோவின் பழம்பெரும் நகரான ஃபாஸ் வரை சென்று மீள்வோரும் உளர். தனித்துச் செல்வதை நாம் குறை கூறோம். அவர்கள் கொண்டுவரும் செய்தியே நமக்குக் குறையாகப் படுகிறது. குஸ்குஸ் எத்துணை மென்மை, புறா இறைச்சியும் பாதாமும் பொதிந்த பஸ்தீலா எத்துணைச் சுவை, ஹரீரா நம் நோன்புக் கஞ்சியை ஒத்ததா என்பனவே அவர்தம் கைப்பேசிப் படங்களில் நிறைந்துள்ளன. கி.பி. 859இல் ஃபாத்திமா அல்ஃபிஹ்ரீ என்னும் பெண்மணி நிறுவியதாக மரபு போற்றும் கரவிய்யீன் பள்ளியில் கல்வி எவ்வாறு தழைத்தது? தோல் பதனிடும் தொட்டிகளில் இறங்கி உழைப்போரின் வாழ்வு எத்தகையது? இவற்றைக் கேட்டறிந்து வந்தவரை நாம் கண்டிலோம்.

“உணவும் பண்பாடுதானே! அதைச் சொல்வது பிழையா?” என வினவுவர். பிழையன்று. அதைச் சொல்லும் முறையை இப்னு பதூதாவிடம் கற்கலாம் என்போம்.

மொராக்கோவின் தன்ஜா நகரில் பிறந்த அவர், 1325இல், இருபத்தோரு வயதில், துணையின்றித் தனியே புறப்பட்டவர். நம் நாட்டில் மாங்காயை உப்பிலிடுவதைக் கண்டபோது, தம் நாட்டார் எலுமிச்சையை ஊறவைப்பதை நினைந்து இரண்டையும் ஒப்பிட்டு எழுதினார். இஞ்சியையும் பச்சை மிளகுக் கொத்தையும் ஊறுகாயாக்குவதைக் குறித்தார். மலபார், மஃபர், இலங்கை, மாலத்தீவு ஆகிய பகுதிகளில் மூன்றாண்டுகள் சோறே உண்டு சலித்து, தண்ணீர் குடித்தாலன்றி அது தொண்டையில் இறங்காத நிலை வந்ததையும் மறைத்தாரில்லை. வாயாரப் புகழ்வது மட்டுமே அவர் வேலையாக இருக்கவில்லை.

இதனினும் பெரிது ஒன்றுண்டு. 1340களில் அவர் மதுரைச் சுல்தான் கியாசுத்தீனின் விருந்தினராக வந்தார். இருவரும் ஒரே வீட்டில் பெண்ணெடுத்த உறவினர். அச்சுல்தான் சிறைப்பட்ட இந்துக்களையும், அவர்தம் பெண்டிரையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையை இப்னு பதூதா கண்டார். உண்ட உப்புக்காக வாயடைத்துப் போகவில்லை. வேறெந்த அரசனும் செய்ததாகத் தாம் அறியாத இழிசெயல் என்று அதைப் பதிவு செய்தார். சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி, அதே ஃபாஸ் நகரில் அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸய் எழுதிய நூல் 1355இல் நிறைவுற்றது. அந்நூலில் ஊறுகாயும் உண்டு. உறவினன் இழைத்த கொடுமையும் உண்டு.

நாமோ விழா மேடைகளில் இப்னு பதூதாவின் பெயரைச் சொல்லிப் பெருமிதம் கொள்கிறோம்; மதுரைப் பக்கம் வந்ததும் ஏட்டை விரைந்து புரட்டிவிடுகிறோம். நம்மவர் செய்த அநீதியை நாமே சொல்லத் துணியாவிடில், பிறர் நமக்கிழைக்கும் அநீதியைச் சொல்லும்போது நம் சொல்லுக்கு மதிப்பேது? சுவையை மட்டும் படமெடுக்கும் பயணியும், பெருமையை மட்டும் படித்துக் காட்டும் பேச்சாளரும் ஒரே குறையுடையோர். இருவரும் இனிப்பதை மட்டுமே எடுத்துக் கொள்கின்றனர்.

பூமியில் பயணம் செய்யுமாறு திருமறை பணிக்கும் இடங்கள் பல. அவற்றுள் பலவற்றில் அப்பணிப்பை அடுத்தே, முன்சென்றோரின் முடிவு என்னவாயிற்று என்று பார்க்குமாறு கட்டளை வருகிறது. பார்ப்பதற்கே பயணம், உண்பது வழியில் கிட்டும் அருள்.

ஃபாஸுக்குச் செல்வோர் செல்க, ஹரீராவும் அருந்துக. சமைத்தவர் யார், அவர் பிள்ளைகள் படிக்கின்றனரா என்றும் கேட்டு வருக. அத்துணைத் தொலைவு செல்ல வசதியற்றோர்க்கும் குறையில்லை. சிங்காநல்லூரில் பேருந்து ஏறினால் சில மணி நேரத்தில் மதுரை. இப்னு பதூதா கண்டெழுதிய அந்நகருக்கு அவர் நூலையும் உடன்கொண்டு செல்க. எந்தப் பக்கத்தையும் விடாது படிக்க.