மடக்குக் கத்தியும் மன்னார்க் கடலும்

இருசெயல் தானியங்கி மடக்குக் கத்தி என்பது, சாதாரண மடக்குக் கத்தியைப் போல விரலால் தள்ளியும், பிடியில் மறைந்துள்ள விசையை அழுத்திச் சுருள்வில்லின் ஆற்றலாலும் திறக்கத்தக்க கருவியாகும். அதை அன்றாடப் பயன்பாட்டுக்கு மதிப்பிடும்போது, எவ்வளவு விரைவாகத் திறக்கிறது என்பதைவிட எங்கே திறக்கப்படுகிறது என்பதே முதன்மையான கேள்வி. இலங்கையின் மன்னார்க் கரையிலுள்ள பேசாலையிலும் தலைமன்னாரிலும் கடற்றொழிலாளர் ஒரு கையால் படகின் விளிம்பைப் பற்றியபடி, மறு கையால் சிக்கிய கயிற்றையோ நைலோன் வலையையோ அறுக்க நேர்வதுண்டு என்பதால், ஒற்றைக் கையால் விரியும் கத்தியின் பயன் மறுக்க முடியாதது. ஆயினும், சோளகக் காற்று வாரியிறைக்கும் மணலும், உலர்ந்து படியும் உப்பும், மீன் செதிலும் அலகு சுழலும் அச்சிலும் வில் அமர்ந்த குழியிலும் புகுந்துவிடுகின்றன. கடல்நீரின் குளோரைடோ, குரோமியம் கலந்த துருப்பிடிக்காத உருக்கின் காப்புப் படலத்தையே துளைத்துப் புள்ளி புள்ளியாக அரிக்கிறது. அவ்வாறு பழுதடைந்த கத்தி முழுதாக விரிந்து பூட்டிக்கொள்ளாமல் நின்றால், அழுத்தும் வேளையில் மடங்கி விரலையே வெட்டக்கூடும். அமெரிக்கா 1958இலும் பிரித்தானியா 1959இலும் இவ்வகைத் தானியங்கிக் கத்திகளின் வணிகத்தைச் சட்டத்தால் கட்டுப்படுத்தின என்பதும், பயணம் செய்வோர் மனத்திற்கொள்ள வேண்டிய செய்தி. ஆகவே, அசையும் உறுப்பு எதுவுமற்ற, உறையிலிட்ட நிலையலகுக் கத்தியே மன்னார்க் கரைக்கு உகந்தது. மடக்குக் கத்தியே வேண்டுமெனில், கையால் திறந்து உறுதியாகப் பூட்டத்தக்கதைத் தெரிந்து, நன்னீரில் கழுவி உலர்த்தி எண்ணெய் இட்டுப் பேணுதல் வேண்டும், ஏனெனில் உழைப்பாளியின் விரல்கள் வேகத்தைவிட விலைமதிப்பு மிக்கவை.