நின்றது மாதவிடாய், உடைந்தது எலும்பு

ஆசிரியருக்கு,

மாதவிடாய் நின்றுபோவது பற்றிய கட்டுரையில் தைராய்டும் நீர்க்கட்டியும் விரிவாக வந்தன. சாப்பாடு போதாமல் நிற்பது ஒற்றை வரியோடு போயிற்று. அதற்கு நல்ல உதாரணம் மேரி கெய்ன்.

2013-ல், 17 வயதில், மாஸ்கோ உலகத் தடகளப் போட்டியின் 1500 மீட்டர் இறுதிச்சுற்றில் ஓடிய அமெரிக்கப் பெண் இவர். எடையை 52 கிலோ அளவுக்குக் குறைக்கச் சொல்லி பயிற்சியாளர்கள் நெருக்கியதாகவும், சக வீரர்கள் முன்னாலேயே எடை பார்த்ததாகவும் 2019-ல் நியூயார்க் டைம்ஸில் சொன்னார். மூன்று வருடம் மாதவிடாய் இல்லை. ஐந்து எலும்புகள் முறிந்தன.

ஓட்டத்துக்குச் செலவாகும் சக்தி உணவில் வராவிட்டால், மூளையின் ஹைப்போதலாமஸ் கருப்பையின் வேலையை ஒத்திவைத்துவிடுகிறது. பிட்யூட்டரிக்குப் போகும் சமிக்ஞை மங்க, சூலகம் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதைக் குறைக்கிறது, எலும்பு தேய்கிறது.

ஒழுங்காக வந்துகொண்டிருந்தது மூன்று மாதம் வராவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும். முதலில் கர்ப்பப் பரிசோதனை (கல்யாணம் ஆகாத பெண்ணிடம் இதைக் கேட்கக் கூசுவதில் பயனில்லை), பிறகு தைராய்டு, புரோலாக்டின்.

இவற்றில் கோளாறு இல்லை, சாப்பாடு போதாமல்தான் நின்றது என்றால், மாத்திரை கொடுத்து ரத்தப்போக்கை வரவழைப்பதைச் சிகிச்சை என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது கோளாறை மறைத்துவிடும். மாதவிடாயைத் திரும்ப வரவழைப்பதற்காக மட்டும் கருத்தடை மாத்திரை தர வேண்டாம் என்கிறது அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கத்தின் 2017 வழிகாட்டுதல். உணவைக் கூட்டுவது, பயிற்சியைக் குறைப்பது, மனநல ஆலோசனை: இவைதான் முதல் மருந்து. ஆறு மாதத்துக்கு மேல் நின்றிருந்தால் எலும்பு அடர்த்தியையும் பார்க்கச் சொல்கிறார்கள்.

— ஒரு வாசகி